குடைன்னா என்ன?

மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா வெளியே கிளம்பினாள். "குடை எடுத்துக்கோம்மா" என்றேன். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"குடையா? குடைன்னா என்ன?"

சிரித்துவிட்டேன். ஏதோ விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். கதவுக்குப் பின்னால் தொங்கிய கறுப்புக் குடையை எடுத்துக் கையில் கொடுத்தேன். "ஓ, இதுவா" என்று வாங்கிக்கொண்டாள். வாசலில் இறங்கியதும் பட்டென்று விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள். அப்புறம் அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்தக் கேள்வி எவ்வளவு விசித்திரமானது என்பது எனக்கு உறைக்க ஒன்றரை வருஷம் ஆனது. வயதானவர்களுக்குப் பெயர் மறப்பது சகஜம். வயதாகாதவர்களுக்கும்தான். ஆனால் பெயர் மறந்தவர் எப்படிப் பேசுவார் என்று யோசித்துப் பாருங்கள். "அதான்பா, மழைக்குப் பிடிப்போமே, பேரு வாய் வரைக்கும் வருது" என்பார். பொருள் முழுசாகக் கையில் இருக்கும்; பெயர்தான் நழுவியிருக்கும். முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் மிச்சத்தைப் பிடித்துக்கொள்வார். அம்மாவுக்கு நடந்தது நேர்த் தலைகீழ். பெயரை நானே சொல்லிவிட்டேன். அவளும் ஓரெழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னாள். அந்த ஒலிக்குப் பின்னால் இருக்க வேண்டியதுதான் இல்லை. எனக்குத் தெரியாத ஒரு மொழியில் யாராவது ஒரு சொல்லைச் சொன்னால் நானும் அப்படித்தான் கேட்பேன்.

அம்மா தையல்காரி. முப்பது வருஷத்துக்கு மேல் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைத்தவள். அப்போது அவளுக்கு 61 வயது. கண் நன்றாகத் தெரியும், காது நன்றாகக் கேட்கும், கணக்கு மனப்பாடம். யார் எப்போது துணி கொடுத்தார்கள், எப்போது வாங்க வருவார்கள் என்பதெல்லாம் நோட்டைப் பார்க்காமலே சொல்வாள். இப்படிப்பட்ட ஒருத்திக்கு டிமென்ஷியா என்று யாருக்குத் தோன்றும்? மறதி நோய் என்றால் நாங்கள் அறிந்தது ஒரே மாதிரிதான்: சொன்னதையே திரும்பச் சொல்வது, வழி தெரியாமல் போவது, காலையில் நடந்ததை மாலையில் மறப்பது. அம்மா எதையும் மறக்கவில்லை. அவளுடைய பேச்சு மட்டும் மெல்ல மெல்லக் காலியாகிக்கொண்டிருந்தது.

எப்படிக் காலியானது என்பதைச் சொல்ல வேண்டும். ஒருநாள் அடுத்த அறையிலிருந்து அப்பாவிடம் சொல்கிறாள்: "ஏங்க, அதை எடுத்து அதுக்குள்ள வெச்சுட்டு, அது வந்தா அதுகிட்ட குடுத்துடுங்க." கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இலக்கணத்தில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. ஐ உருபு, கு உருபு எல்லாம் அததன் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. வினையெச்சம் சரி, நிபந்தனை சரி, மரியாதை விகுதிகூடச் சரி. பெயர்ச்சொற்கள் மட்டும் ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டன. காலியான நாற்காலிகளில் எல்லாம் 'அது' வந்து அமர்ந்திருக்கிறது. வினைச்சொற்களுக்கும் அதே கதிதான். மடி, உதறு, துடை, பூட்டு எல்லாம் சுருங்கி ஒரே 'பண்ணு' ஆகிவிட்டன. "துணியை அது பண்ணு." "கதவை அது பண்ணிட்டு வா."

தமிழ் இந்த நோய்க்கு ரொம்ப வசதியான மொழி என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன். நாம் எல்லோருமே அது, இது, அந்த சாமான், அதை அப்படிப் பண்ணு என்றுதான் பாதி நாளை ஓட்டுகிறோம். கூட இருப்பவர்களுக்கு இடம் பார்த்து, கை பார்த்துப் புரிந்துவிடுகிறது. அப்பாவுக்கும் புரிந்தது. எதை எடுத்து எதற்குள் வைக்க வேண்டும் என்று தெரிந்துதான் வைத்தார். அதனாலேயே எங்களுக்கு உறைக்கவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் மனச்சோர்வாக இருக்கலாம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டதற்கெல்லாம் அம்மா பதில் சொன்னாள். இன்று என்ன தேதி, என்ன கிழமை, எந்த மாடியில் இருக்கிறோம், எல்லாம் சரி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86, 79, 72, 65 என்று அவர் குறித்துக்கொள்வதற்குள் சொல்லிவிட்டாள். கைக்கடிகாரத்தைக் காட்டி இது என்ன என்றார், சொன்னாள். நானே அன்றைக்கு நிம்மதியாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது மருத்துவர் படங்களை எடுத்து வைத்தார். ஒட்டகத்தைப் பார்த்து "குதிரை" என்றாள். அணிலைப் பார்த்து "பூனை." முதலையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "ஒரு மிருகம்" என்றாள். பென்குவினுக்கு "அது... பறக்குமா?" என்று அவரையே கேட்டாள். அப்புறம் அவர் வேறொன்று செய்தார். வாயால் பேசவே வேண்டாத சோதனை அது. மேலே ஒரு படம், கீழே இரண்டு படங்கள். மேலே உள்ளதோடு சேர்வது எது என்று விரலால் தொட்டுக் காட்டினால் போதும். 1992-இல் பிரிட்டனில் வெளியான ஒரு சோதனை இந்த வகைக்குப் பேர்போனது. அதில் மேலே பிரமிடு இருக்கும். கீழே பனை வகை மரம் ஒன்று, பைன் மரம் ஒன்று. பாலைவனம், எகிப்து என்ற அறிவு இருந்தால்தான் விரல் சரியான இடத்துக்குப் போகும். அம்மாவின் விரல் அலைந்தது. சொல்லே தேவைப்படாத இடத்திலும் அவள் தடுமாறினாள். அப்படியானால் போனது சொல் மட்டும் இல்லை.

தமிழில் 'பொருள்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு: கையால் தொடும் சாமானும் பொருள்தான், சொல்லின் அர்த்தமும் பொருள்தான். வேறு வேறு இரண்டை ஏன் ஒரே சொல்லில் கட்டினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது குழம்பியிருக்கிறேன். இந்த நோய் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறது. பெயர் போய் சாமான் மிஞ்சுவதில்லை. சாமானைப் பற்றி நாம் அறிந்திருப்பதுதான் கரைகிறது.

நினைவு என்று ஒரே சொல்லால் குறிப்பது ஒரே சரக்கு கிடையாது என்று 1972-இல் எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் பிரித்துக் காட்டினார். போன ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்தேன் என்பது ஒரு வகை: நடந்ததன் நினைவு, அதற்கு ஒரு நாளும் இடமும் உண்டு. மழை என்றால் மேலிருந்து விழும் நீர், குடை பிடித்தால் நனைய மாட்டோம் என்பது இன்னொரு வகை: உலகத்தைப் பற்றிய அறிவு. இதை எந்தத் தேதியில் கற்றோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆங்கிலத்தில் இதைச் செமான்டிக் மெமரி என்கிறார்கள். நாம் சொற்பொருள் நினைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரித்தால் போதுமா, மூளை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறதா? அதற்கு 1975-இல் லண்டனின் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் பணியாற்றிய எலிசபெத் வாரிங்டன் மூன்று நோயாளிகளைக் காட்டினார். பேச்சு தெளிவு, பார்வை தெளிவு, புத்திக்கூர்மைக்கும் பெரிய குறைவில்லை. ஆனால் பொருள்களின் அறிவு மட்டும் கரைந்துகொண்டிருந்தது. அந்த மூவரில் ஒருவர் 'மன்றாடுதல்' போன்ற அருவமான சொல்லுக்கு அழகாக விளக்கம் சொன்னாராம். ஊசி என்றால் என்ன என்று கேட்டபோது மறந்துவிட்டது என்றாராம். எல்லா நோயாளிக்கும் இப்படித் தலைகீழாக நடப்பதில்லை. ஆனால் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் ஊசியைப் பற்றி அதுவரை நான் கேட்டதில்லை. கேட்க வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இன்றுவரை கேட்கவில்லை.

அம்மாவுக்கு வந்த இந்த நோய்க்கு ரொம்ப நாளாகச் சரியான பெயர் இல்லை. 1892-லேயே பிராகில் ஆர்னால்டு பிக் என்ற மருத்துவர் இந்த மாதிரி நோயாளியைப் பற்றி எழுதிவிட்டார். 'செமான்டிக் டிமென்ஷியா' என்ற பெயரை ஜூலி ஸ்னோடன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1989-இல்தான் வைத்தார்கள். 2011-இல் வகுத்த சர்வதேச அளவுகோலில் இரண்டு அறிகுறிகள் கட்டாயம்: காட்டும் பொருளுக்குப் பெயர் சொல்ல முடியாமை, தனிச்சொல்லைக் கேட்டால் அதன் பொருள் விளங்காமை. கூடவே, பேச்சின் ஓட்டமும், சொன்னதைத் திருப்பிச் சொல்லும் திறனும் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். குடை என்று நான் சொன்னதும் "குடையா?" என்று அம்மா துல்லியமாகத் திருப்பினாளே, அது.

எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்த தகவல் ஜப்பானிலிருந்து வந்தது. ஆங்கில உலகம் பெயர் வைப்பதற்கு நாற்பத்தாறு வருஷம் முன்பே, 1943-இல், இமுரா என்ற மருத்துவர் இதே போன்ற நிலையை விவரித்து 'கோகி' பேச்சிழப்பு என்று பெயரிட்டிருந்தார். கோகி என்றால் சொற்பொருள். இந்த நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்வியையே அங்கே ஓர் அடையாளமாகச் சொல்கிறார்கள்: "அப்படியென்றால் என்ன?" ஏன் ஆறுதல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வேறொரு மொழியில், வேறொரு காலத்தில், யாரோ ஒருவரின் மகளும் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்திருப்பாள், அவ்வளவுதான்.

ஜப்பானியக் கதையில் இன்னொரு சங்கதி உண்டு. அவர்களுக்கு இரண்டு வகை எழுத்து. கானா என்பது ஒலியை அப்படியே எழுதுவது. கான்ஜி என்பது சீனத்திலிருந்து வந்த எழுத்து. சொல் தெரிந்தால்தான் ஒலி தெரியும். இந்த நோயாளிகள் கானாவைச் சரளமாகப் படிப்பார்கள், கான்ஜியில் தப்பு விடுவார்கள். ஆங்கிலத்திலும் இதற்கு இணை உண்டு. 'பைன்ட்' (pint) என்று சொல்ல வேண்டிய சொல்லை எழுத்தை நம்பி 'பின்ட்' என்று படித்துவிடுவார்கள். சொல்லாகத் தெரிந்திருந்தால் அந்தத் தப்பு வராது.

நம் தமிழ் எழுதியபடி படிக்கும் மொழி, அதனால் இங்கே இந்த அறிகுறி தெரியாது என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் அம்மா நாளிதழைச் சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, முழுப் பத்தியையும் படித்துவிட்டு நிமிர்ந்து, "என்னடி சொல்றான்?" என்பாள். அப்புறம் ஒருநாள் 'பல்பு' என்ற சொல் வந்தது. அதை அவள் வாயில் உள்ள பல்லைச் சொல்வது போலத் தொடங்கிப் படித்தாள். எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. எட்டிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. தமிழில் ப ஒன்றுதான். பல்லிலும் அதே எழுத்து, பல்பிலும் அதே எழுத்து, வாய்தான் வேறு. எங்கே எந்த ஒலி என்று எழுத்து சொல்லாது. சொல்லை அறிந்த ஆள்தான் சொல்ல முடியும். அந்த வாரமே வாசல் கதவைச் சொல்லும் 'கேட்' என்ற சொல்லை, காதால் கேட்பதைப் போலப் படித்தாள். அம்மாவிடம் எழுத்து மிஞ்சியிருந்தது, சொல் போயிருந்தது. இது ஆராய்ச்சி முடிவு ஒன்றும் கிடையாது, ஒரு வீட்டுக் கவனிப்பு. ஆனால் தமிழ் நோயாளிகளைப் பார்ப்பவர்கள் இந்த ப, க, ட, தக்களைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. (முகத்தில் ஒரு பாவமும் இல்லை என்று எழுதியிருந்தால் எது பாவம் என்று நல்லவர்களுக்கே ஒரு கணம் திணறும் என்பது வேறு விஷயம்.)

எம்ஆர்ஐ படத்தை மருத்துவர் கணினித் திரையில் காட்டினார். நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, காதுக்கு முன்பக்கமாக, டெம்போரல் மடலின் முன்முனை என்று ஓர் இடம். வலப்பக்கம் ஓரளவு நிறைவாக இருந்தது. இடப்பக்கம் சுருங்கி, மீதி இடம் கறுப்பாகத் தெரிந்தது. பெரும்பாலும் இடப்பக்கம்தான் அதிகம் தேயுமாம். வலப்பக்கம் முதலில் தேய்ந்தால், சொல்லுக்கு முன்னால் தெரிந்த முகங்கள் தெரியாமல் போகும். டிடிபி-43 என்ற ஒரு புரதம் தப்பான இடத்தில் தேங்குவதுதான் பெரும்பாலோருக்குக் காரணம். குடும்பத்தில் வழிவழியாக வருவது இந்த வகையில் அபூர்வம். என்னைப் பார்த்து அதை அழுத்திச் சொன்னார். என் முகத்தில் அந்தக் கேள்வி இருந்திருக்கும் போல.

அந்த முனைக்கு என்ன வேலை? குடையின் கறுப்பு மூளையில் ஓரிடத்தில் இருக்கிறது, விரியும் சத்தம் வேறோரிடத்தில், விரிக்கும் கையசைவு மற்றோரிடத்தில், 'குடை' என்ற ஒலி இன்னோரிடத்தில். எல்லாவற்றையும் ஒன்றாக முடிந்து வைத்திருக்கும் முடிச்சு அந்த முன்முனையில் இருக்கிறது என்பது கேரலின் பேட்டர்சன் போன்ற ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து. 2007-இல் அதை விரிவாக எழுதினார்கள். நூல் ஒன்றும் அறுபடவில்லை, முடிச்சுதான் தளர்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். தையல்காரி மகளுக்கு வேறெப்படிப் புரியும்.

முடிச்சு தளர்வதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அரிதானதும் தனித்துவமானதும் முதலில் போகும், பொதுவானது நிற்கும். மரங்கொத்தி போய் 'பறவை' நிற்கும். அப்புறம் பறவையும் போய் 'மிருகம்' நிற்கும். கடைசியில் 'அது.' 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளிடம் படத்தைக் காட்டி அப்படியே வரையச் சொன்னார்கள். நன்றாகவே வரைந்தார்கள். படத்தை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து நினைவிலிருந்து வரையச் சொன்னபோது வாத்துக்கு நான்கு கால் முளைத்தது, ஒட்டகத்தின் திமில் காணாமல் போனது. கை நடுங்கியோ கண் மங்கியோ வந்த தப்பு இல்லை. மிருகம் என்றால் நான்கு கால் என்ற பொது அறிவு மிஞ்சியிருந்தது. வாத்துக்கு மட்டும் உரியது போய்விட்டது. நான்கு கால் வாத்து எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு விதத்தில் அது நியாயமான வாத்து.

இனி கத்தரிக்கோல்.

அம்மாவின் கத்தரிக்கோல் இரும்பு, கனமானது. பெருவிரல் நுழையும் வளையத்தில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். விரல் காய்க்காமலிருக்க அவளே சுற்றியது. மெஷினின் வலப்பக்க இழுப்பறையில்தான் எப்போதும் கிடக்கும். நோய் என்னவென்று தெரிந்த பிறகும் அவள் துணி வெட்டிக்கொண்டுதான் இருந்தாள். இழுப்பறையைத் திறப்பாள், எடுப்பாள், வெட்டுவாள், வைப்பாள். "கத்தரிக்கோலை எடும்மா" என்றால் மட்டும் விழிப்பாள். "கத்தரிக்கோல்... கத்தரிக்கோல்..." என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்ப்பாள், புதுத் துணியை விரலால் தடவிப் பார்ப்பது போல.

ஒருநாள் முனை மழுங்கிவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். எடை குறைவு, பிளாஸ்டிக் பிடி, நல்ல கூர்மை. மெஷின்மேல் வைத்தேன். அவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு வளையம் இருப்பதைப் பார்த்தாள். ஒன்றில் விரலை விட்டாள், எடுத்தாள். "இது எதுக்கு?" என்றாள். கேட்டுவிட்டு, இழுப்பறையைத் திறந்து தன்னுடைய கத்தரிக்கோலை எடுத்து, கையிலிருந்த நூலை வெட்டினாள். புதியது மெஷின்மேல் அப்படியே கிடந்தது.

அன்றைக்கு நான் அழுதேன். அப்புறம் படிக்கையில் தெரிந்தது, இது இந்த நோயின் பழகிய வழக்கம்தான் என்று. தன் வீட்டுப் பொருள், தன் கை பழகியது, வழக்கமாக இருக்கும் இடத்தில் இருந்தால் அதற்குப் பொருள் உண்டு. அதே இனத்தைச் சேர்ந்த வேறொன்றைக் கொடுத்தால் அது முன்பின் பார்த்திராத சாமான். கத்தரிக்கோல் என்ற இனம் போய்விட்டது. இந்தக் கத்தரிக்கோல் இருக்கிறது. குடையும் அப்படித்தான். அன்றைக்கு நான் அந்தக் கறுப்புக் குடையைக் கையில் கொடுக்காமல் வேறு ஏதாவது மடக்குக் குடையைக் கொடுத்திருந்தால், அப்போதே விஷயம் தெரிந்திருக்குமோ என்னவோ.

நாங்கள் செய்த பெரிய தப்பு, விளக்கியது. "குடைன்னா மழையில நனையாம இருக்கப் பிடிக்கிறதும்மா." "நனையறதுன்னா?" "மேல தண்ணி படறது." "மேலன்னா இங்கயா?" அப்பா பொறுமைசாலி, அரைமணி நேரம்கூட இப்படிப் போவார். சொல்லுக்குப் பொருளைச் சொல்லப் போனால் அந்தப் பொருளுக்கு ஒரு பொருள், அதற்கும் ஒரு பொருள் என்று எல்லையே இல்லாமல் போகும் என்பதை நம் பழைய இலக்கணக்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சங்கிலி எங்கேயாவது ஒரு தெரிந்த சொல்லில் போய் மாட்டிக்கொள்ளும். அம்மாவுக்கு மாட்டிக்கொள்ள ஆணி இல்லை. இப்போது விளக்குவதில்லை. கையில் கொடுத்துவிடுகிறோம், அல்லது அது இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போகிறோம்.

பேச்சுப் பயிற்சியாளர் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எங்கள் வீட்டுப் பொருள்களையே படம் எடுத்து ஒட்டி, கீழே பெயர் எழுதி, தினமும் புரட்டுவது. நம்ப மாட்டீர்கள், சொற்கள் திரும்பி வந்தன. இரண்டு வாரத்தில் குடை, சாவி, சீப்பு, வாளி எல்லாம் டக் டக் என்று சொன்னாள். குணமாகிவிட்டது என்றே அப்பா நினைத்தார். இடையில் எனக்கு உடம்பு சரியில்லாமல் நோட்டு ஒரு மாதம் மூடிக் கிடந்தது. பாதிச் சொற்கள் போய்விட்டன. மிஞ்சியவையும் எங்கள் குடைக்கு, எங்கள் வாளிக்கு மட்டும்தான் செல்லும். பயிற்சி நின்றால் சொல் தங்காது என்பதையும், கற்ற சொல் மற்ற பொருள்களுக்குப் பரவாது என்பதையும் இதைப் பரிசோதித்தவர்களும் கண்டிருக்கிறார்கள். இருந்தாலும் நோட்டை விடவில்லை. எந்தச் சொற்களை வைத்துக்கொள்வது என்று நாங்களே முடிவு செய்தோம். ஒட்டகம் போகட்டும். 'வலி' வேண்டும், 'தாகம்' வேண்டும், 'வேண்டாம்' வேண்டும். நோயை நிறுத்தும் மருந்து இன்றைக்கு இல்லை. அல்சைமருக்குக் கொடுக்கும் மாத்திரைகளும் இதற்கு உதவுவதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். தரை துடைக்கும் திரவம், பூச்சி மருந்து எல்லாவற்றையும் உடனே பூட்டி வையுங்கள். புட்டியில் உள்ளது குடிப்பதா இல்லையா என்பதும் ஒரு சொற்பொருள் அறிவுதான்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பரீட்சை வைக்கிறார்கள். எதிரில் வந்து நின்று, "நான் யாரு சொல்லு பார்ப்போம்." எனக்கு இது பற்றிக்கொண்டு வரும். அம்மா அவர்களை அடையாளம் கண்டுகொள்கிறாள். உறவின் பெயர்தான் வருவதில்லை. "அதான்... வா, உக்காரு" என்று சமாளிப்பாள். அவர்கள் திரும்பிப் போகும்போது என்னிடம் தணிந்த குரலில், "பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்குமே, சின்ன வயசுக் கதை கேளு" என்பார்கள். அல்சைமருக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். பழசு நிற்கும், புதுசு நிற்காது. அம்மாவுக்கு எதிர்ப்பக்கம். பள்ளிக்கூட நாள்களைக் கேட்டால் மங்கலாக ஏதோ சொல்வாள். போன வாரம் யார் வந்தார்கள், எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்து போனார்கள் என்று கேளுங்கள், நிமிஷக் கணக்கில் வரும். இந்த நோயாளிகளுக்குச் சமீபத்திய வருஷங்கள் பழைய வருஷங்களைவிடத் தெளிவாக இருப்பதை 1990களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். எண்களும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். கடிகாரம் பார்ப்பதும் அப்படி; சில நேரம் அளவுக்கு மீறியே. ஆறு மணிக்கு விளக்குப் போட வேண்டும் என்றால் 5:58-க்கு ஸ்விட்ச் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள்.

போன மாதம் பழைய கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்திருந்தேன். புதிதாக வாங்கும் யோசனையை எப்போதோ விட்டாயிற்று. இரண்டு நாள் இழுப்பறை காலியாக இருந்தது. அவள் அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததும் சிவப்புத் துணி அப்படியே இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். ஒரு நூலை இழுத்து வெட்டிப் பார்த்தாள். "ம்" என்றாள். அப்புறம் என்ன தோன்றியதோ, இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, என்னை நிற்கச் சொல்லி இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். அந்த டேப்புக்குப் பெயர் அவளிடம் இல்லாமல் போய் ஒரு வருஷம் ஆகிறது.

"முப்பத்தெட்டு" என்றாள். "போன தடவை முப்பத்தாறரை."

போன தடவை என்பது நான்கு மாதத்துக்கு முன்னால். நோட்டைப் புரட்டினேன். முப்பத்தாறரைதான்.

"அதைக் கொஞ்சம் கொறைடி" என்றாள்.

"எதைம்மா?"

டேப்பைச் சுருட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அதைத்தான்."